தாமதமே இல்லாத ஊரிலிருந்து

பெறுநர்: பொது மேலாளர், தெற்கு ரயில்வே, சென்னை.

பொருள்: பெரம்பலூருக்கு ரயில் ஒருநாளும் தாமதமாக வராததற்குப் பாராட்டு.

ஐயா,

வைகை லேட், மலைக்கோட்டை லேட் என்று உங்களுக்கு வரும் புகார்க் கட்டில் பெரம்பலூரிலிருந்து ஒரு காகிதமாவது உண்டா? இருக்க வழியில்லை. இங்கே தண்டவாளமே இல்லை. 1995-ல் மாவட்டத் தலைநகர் ஆனோம். மக்களவைத் தொகுதிக்கும் எங்கள் ஊர்ப் பெயர்தான். டெல்லிக்கு மத்திய அமைச்சரைக்கூட அனுப்பிவைத்தோம். ரயில் மட்டும் வரவில்லை. வராத வண்டி எப்படி லேட்டாகும்? ரயில்வே வாரத்தில் கேடயம் கொடுக்கும்போது எங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

விழுப்புரம்–திருச்சி கார்டு லைன் போட்டு நூறு வருஷம் ஆகப்போகிறது. அது அரியலூர் வழியாகப் போய்விட்டது. நாங்கள் முப்பது கிலோமீட்டர் தள்ளி நிற்கிறோம். காலைப் பல்லவனைப் பிடிக்க வேண்டியவர் இருட்டோடு பஸ் ஏறுவார். முன்னால் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஒன்று அசைந்து போகும். டிரைவர் ஹாரன் அடித்தபடியே பின்னால் உருட்டுவார். கண்டக்டருக்கும் சின்ன வெங்காய மூட்டைக்காரருக்கும் லக்கேஜ் டிக்கெட் வழக்கு முடிந்தபாடில்லை. செல்போனைப் பார்த்தால், வண்டி சரியான நேரத்தில் ஓடுவதாகக் காட்டும். இந்திய தேசத்திலேயே, ரயில் கொஞ்சம் லேட்டாக வரட்டும் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்ளும் பயணிகள் நாங்களாகத்தான் இருப்போம்.

உங்கள் நேரக் கணக்கையும் மெச்ச வேண்டும். கடைசி ஸ்டேஷனுக்குப் பதினைந்து நிமிஷத்துக்குள் வந்து சேர்ந்தால் அது தாமதம் இல்லை. அதற்கு முந்தைய தூரத்துக்கு அட்டவணையிலேயே தாராளமாக நிமிஷங்கள் வைத்திருக்கிறீர்கள். நடுவழியில் எங்கே நின்று கிடந்தாலும் எழும்பூரில் கணக்கு நேராகிவிடும். இந்தச் சூத்திரம் எங்கள் டெய்லருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். தீபாவளிச் சட்டையைப் பொங்கலுக்குக் கொடுத்துவிட்டு, பொங்கல்தான் கடைசி ஸ்டேஷன் என்பார்.

அரியலூர்–பெரம்பலூர்–துறையூர்–நாமக்கல் பாதை என்று தேர்தலுக்குத் தேர்தல் கேட்கிறோம். நாமக்கல் 2013-ல் ரயில் பார்த்துவிட்டது. ஆக இரண்டு முனையிலும் தண்டவாளம் ரெடி. நடுவில் இருப்பதுதான் பாக்கி. சிமென்ட் மூட்டைக்கு அரியலூரில் ரேக் கிடைக்கிறது. மூட்டையாகப் பிறக்காதது எங்கள் குற்றம்தான்.

இதே அரியலூருக்குப் பக்கத்தில், 1956 நவம்பர் 23 விடிகாலையில், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் மருதையாற்றில் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு மகபூப்நகர் விபத்துக்காக ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி கொடுத்த ராஜினாமாவை நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்க வேண்டியதாயிற்று. இதில் பகடி இல்லை ஐயா. ஓடிய ரயிலுக்குப் பொறுப்பேற்க ஒரு மனிதர் இருந்தார். போடாத பாதைக்கு யார் பொறுப்பு என்று கேட்டால், ‘ஃபைல் போர்டில் இருக்கிறது’ என்பதற்கு மேல் பதில் இல்லை.

அடுத்த சர்வேக்கு உங்கள் அதிகாரிகள் வருவதானால் அரியலூரில் இறங்கித்தான் பஸ் பிடிக்க வேண்டும். தேதியை மட்டும் முன்கூட்டிச் சொல்லுங்கள், ஜன்னலோர சீட்டில் துண்டு போட்டு வைக்கிறோம். பதினைந்து நிமிஷம் வரை பிந்தினாலும் கணக்கில் எடுக்க மாட்டோம்.

இப்படிக்கு,
பெரம்பலூர் ரயில் பயணி
(அரியலூர் பஸ்ஸிலிருந்து)