ஓடும் நிரலும் ஓடாத ஆவணமும்

கேள்வி: நிரல் ஒழுங்காக ஓடினால் போதாதா? மென்பொருள் நூலகங்களின் ஆவணங்களை ஓயாமல் புதுப்பிக்கச் சொல்வது ஏன்?
– வாசகர், கல்முனை

பதில்: நிரல் ஓடும், எழுதியவரும் ஒருநாள் வேறு வேலைக்கு ஓடிவிடுவார். அப்புறம் யாரைக் கேட்பது? நிரலும் அப்படியே நிற்காது, ஓர் உதாரணம் பாருங்கள். 2004 டிசெம்பர் 26 சுனாமி உங்கள் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரைகளைச் சிதைத்த பிறகு, காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிய இலங்கைத் தன்னார்வலர்கள் அவசரமாகக் கட்டிய திறந்த மூல மென்பொருள்தான் ‘சஹானா’. 2005 பாகிஸ்தான் பூமியதிர்ச்சியிலும் 2010 ஹெயிட்டி பூமியதிர்ச்சியிலும் அது கைகொடுத்தது. முதலில் பிஎச்பி என்ற நிரல்மொழியில் இருந்தது, பின்னர் பைதனில் ‘ஈடன்’ ஆகப் புதிதாக எழுதப்பட்டது. இப்படி அடியோடு மாறும் மென்பொருளில், தேடியதும் பழைய வழிகாட்டியே முன்னால் வந்து நின்றால் ஆபத்து. ஆவணமே கிடைக்காதவர் யாரையாவது கேட்பார். காலாவதியானது கிடைத்தவர் கேட்கவும் மாட்டார்.

நிரலை வாசித்தாலே புரியுமே என்பார்கள். என்ன நடக்கிறது என்பது புரியும். ஏன் அப்படி, எந்தப் பதிப்பிலிருந்து என்பது புரியாது. நேரமில்லை என்பது நியாயமான குறைதான். அதனால்தான் ஆவணம் நிரலோடு ஒரே களஞ்சியத்தில் இருக்கவேண்டும், பக்கத்தின் தலையில் பதிப்பு எண்ணோடு. ஆவணத்தைத் திருத்தாமல் வரும் மாற்றத்தை ஏற்காதீர்கள்.