கடலைப் பிடிக்கப் போற மருமவனுக்கு

மருமவனே, கேன்வாஸும் ஸ்டாண்டும் கெட்டித் தூக்கிக்கிட்டு மணப்பாட்டுக்குக் கிளம்புதியாமே, கடலை அப்படியே வரைஞ்சிட்டுத்தான் திரும்புவேன்னு சபதமாம். உங்கம்மா சொன்னா. நல்ல காரியம், போயிட்டு வா. ஆனா மாமன் நாலு பிள்ளைகளுக்கு டிராயிங் சொல்லிக் குடுத்து வயிறு வளத்தவன். சொல்லுதத ஒரு காதுல வாங்கிக்கோ, மத்தக் காதுல விடுறது உன் பாடு. கடலை வரைஞ்சு பேரெடுத்தவன்ல யோக்கியன் ரொம்பக் கொறச்சல். யோக்கியமா எதுக்க நின்னு வரைஞ்சவன் ஒருத்தன், அவனைக் கடல் தூக்கிப் போட்டு மிதிச்சிருக்கு.

அவன் பேரு மோனே. பிரான்சுல எத்ரெத்தான்னு ஒரு கடற்கரை ஊரு. 1885 நவம்பர்ல பாறைக்கு அடியில ஸ்டாண்டை நாட்டி உக்காந்துட்டான். தண்ணி வத்துற நேரம்னு கணக்கு. அது ஏறுற நேரம். ஒரே அலை, ஆளைப் பாறையில கொண்டு மோதி, திரும்ப இழுத்துக்கிட்டும் போச்சு. எப்படியோ தவழ்ந்து கரையேறிட்டான். கையில பிடிச்சிருந்த சாயப் பலகை மூஞ்சியில கவுந்து தாடியெல்லாம் நீலம், மஞ்சள். ஸ்டாண்டு, கேன்வாஸ் எல்லாம் கடலுக்கு மொய். இது ஊர்க்கதை இல்லடே, பின்னால அவன் கெட்டிக்கிட்ட ஆலிஸுக்கு அவனே கடிதாசி எழுதியிருக்கான். ஒனக்கும் தாடி இருக்கு, யோசிச்சுக்கோ.

விவரமானவன் ஐவசோவ்ஸ்கி. கருங்கடல் கரையில ஃபியோதோசியாவுல பொறந்து, அங்கேயே வீடு கெட்டி வாழ்ந்தவன். கடல் வாசல்ல கிடக்கு, ஆனா வரையுதது வீட்டுக்குள்ள, ஞாபகத்துல. ஓடுத அலை தூரிகைக்கு அகப்படாதுங்கிறது அவன் கொள்கை. 1850ல ‘ஒன்பதாம் அலை’ வரைஞ்சான், மூணு மீட்டருக்கு மேல அகலம். மொத்தம் ஆறாயிரம் படம் வரைஞ்சதாச் சொல்லுதாவ. கரையில போயி நின்னிருந்தா ஆறு தேறியிருக்குமா?

லண்டன்காரன் டர்னர் சங்கதி வேற. 1842ல, 67 வயசுல, பனிப்புயல்ல மாட்டின நீராவிக் கப்பலை வரைஞ்சான். கப்பலைத் தேடித்தான் பிடிக்கணும், அவ்வளவு சுழி. புயலைப் பாக்கணும்னு பாய்மரத்துல நாலு மணி நேரம் என்னையக் கெட்டிப் போடச் சொன்னேன்னு வேற அளந்து விட்டான். ஆராய்ச்சிக்காரங்க அதை அவ்வளவா நம்பல. நானும் நம்பல, ஆனா கதை பிரமாதம். படத்தைப் பாத்த ஒருத்தன் சோப்பு நுரையும் சுண்ணாம்புத் தண்ணியும்னு திட்டினானாம். டர்னருக்குப் பொறுக்கல. எனக்கென்னமோ அது திட்டாவே தெரியல.

‘அதெல்லாம் கையால வரைஞ்சது மாமா, கேமரா பொய் சொல்லாது’ம்பே. சொல்லும்லே! லெ கிரேன்னு ஒரு பிரெஞ்சுக்காரன். அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டு மருந்துக்கு நீல வெளிச்சம் பட்டா வெறி பிடிச்சிரும். கடல் சரியா விழுத மட்டும் திறந்து வச்சா வானம் வெந்து வெள்ளைத்தாளாப் போவும். வானத்துக்காகச் சட்டுனு மூடினா கடல் கரிதான். இவன் என்ன செஞ்சான்? கடலுக்கு ஒரு தகடு, வானத்துக்கு ஒரு தகடு. முட்டை வெள்ளைக்கரு பூசின தாள்ல ரெண்டையும் தொடுவானக் கோட்டுல சேத்து அச்சுப் போட்டுட்டான். 1857ல எடுத்த ‘பேரலை’ அப்படி ஒட்டுப் போட்ட படம். அந்த வானம் அந்தக் கடலைப் பாத்ததே கிடையாது.

இத்தனை பேர்லயும் நான் கும்பிடுதது ஜப்பான்காரன் ஹொகுசாயைத்தான். 1831 வாக்குல, எழுபது வயசுல அலை போட்டான். ஆளுயரப் படம்னு நினைச்சுக்கிடாத. ஒரு முழத்துக்கும் குறைவு, 38 சென்டிமீட்டர் அகலம். அவன் வரைஞ்ச தாளைச் செர்ரி மரப் பலகையில குப்புற ஒட்டி, அதுமேலயே உளி ஓட்டினான் இன்னொருத்தன். வரைஞ்சவன் கைக்கோடு அங்கேயே காலி. அச்சுப் போட்டவன் மூணாவது ஆளு. நீலச் சாயம் வெளிநாட்டுச் சரக்கு, பெர்லின்ல எவனோ சிவப்புக் காய்ச்சப் போயித் தப்பிப் பொறந்தது. படத்தை உத்துப் பாரு. மூணு படகு, உள்ள இருக்கவன் எல்லாம் துடுப்பைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு குனிஞ்சு கிடக்கான். மேல நுரை நுனியெல்லாம் நகம். அந்தப் பள்ளத்துக்கு நடுவுல புஜி மலை, 3,776 மீட்டர் உசரம், சுண்டுவிரல் நகத்தளவு. மலையைச் சுருக்கி அலையை வளத்த கள்ளக்கணக்கு! 2024ல வந்த ஆயிரம் யென் நோட்டுக்குப் பின்னால அதே அலையை அச்சடிச்சு விட்டிருக்கு அவுக அரசாங்கம்.

படக்காரன் மட்டும் இல்லடே, இசைக்காரனும் அப்படித்தான். 1905ல டெபுஸின்னு ஒருத்தன் ‘கடல்’னு ஒரு இசை போட்டான். எழுத ஆரம்பிச்சது பர்கண்டியில, அங்க கடலே கிடையாது. இசைப் புத்தகத்துக்கு அட்டைப்படம் யாரு அலை? ஹொகுசாயோடது.

வெளியூர்க் கள்ளனுகளையே சொல்லுதேன்னு நினைக்காத. மாமல்லபுரத்துல அந்தப் பெரிய பாறைச் சிற்பம், ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. தவம் பண்ணுதது அர்ஜுனனா பகீரதனான்னு இன்னமும் அடிச்சுக்கிடுதாவ, அது கிடக்கட்டும். ஆனை, பூனை, முனிவர், தேவர் எல்லாத்தையும் செதுக்கினவன், நடுவுல வெடிப்புக்கு வந்ததும் ரெண்டு மூணு நாகத்தை மட்டும் நீந்த விட்டான். தண்ணியைச் செதுக்கவே இல்ல. பாறை உச்சியில தொட்டி இருந்த தடம் கிடக்கு, அங்கருந்து நிஜத் தண்ணியைத் தொறந்து விட்டிருக்கணும்னு சொல்லுதாவ. உளி தேயாம கங்கையை இறக்கிட்டான் மனுசன்!

நீ போ, தாராளமாப் போ. ஒரு பகல் முழுக்கக் கடலைப் பாரு, ஸ்டாண்டைப் பிரிக்காத. படத்தை நம்ம வீட்டுத் தார்சால உக்காந்து போட்டுக்கிடலாம், ஒங்கத்தை காப்பி தருவா. கண்காட்சியில எவனாவது எப்படி வரைஞ்சீகன்னு கேட்டா, புயல்ல பனைமரத்துல கெட்டிப் போடச் சொன்னேன்னு அடிச்சு விடு. சாட்சிக்கு மாமன் வாறேன், கயிறு கெட்டினதே நான்தான்னு சொல்லுதேன். வரும்போது நெத்திலிக் கருவாடு மட்டும் ரெண்டு கிலோ, மண்ணு இல்லாமப் பாத்து வாங்கிக்கோ.