சுங்கான் புகையிலை: ஒரு வீட்டுக் கலவை

சுங்கானில் அடைக்கும் புகையிலையை வீட்டிலேயே கலக்கத் தொடங்குபவர் முதலில் மூன்று இலைகளை வாங்குவார்: வர்ஜீனியா, பர்லி, லட்டாக்கியா. வர்ஜீனியாவை மூடிய கொட்டகையில் குழாய்ச் சூட்டில் உலர்த்துவார்கள். அதனால் சர்க்கரை இலையிலேயே தங்கிவிடும். வேகமாக இழுத்தால் நாக்கு பொத்துப்போகும். பர்லி நிழலில் காற்றாடத் தொங்கி, வாரக்கணக்கில் காய்வது. இனிப்பு என்று பேருக்குக்கூட இருக்காது. ஆனால் ரம், கோகோ, தேன் எதை ஊற்றினாலும் வாய்பேசாமல் குடித்துக்கொள்ளும். வெள்ளை பர்லி 1864இல் அமெரிக்காவின் ஓஹாயோவில் தலைகாட்டியது. லட்டாக்கியா என்பது சிரியாவின் துறைமுகப் பெயர். விறகுப் புகையில் கறுத்த இலை இது. காபிக்குச் சிக்கரி மாதிரி அளவாகத்தான் சேர்க்க வேண்டும். அளவு மீறினால், டயர் எங்கே எரிகிறது என்று பக்கத்து வீட்டார் தெருவுக்கு வந்து பார்ப்பார்கள்.

வறுப்பதற்கு ஏற்றது பர்லிதான். காய்ந்த இலையைத் தொட்டால் பொடியாகும் என்பதால், முதலில் தண்ணீர் தெளித்து மூடிவைத்துப் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு நடுநரம்பை உருவி எறிந்து, தட்டில் பரப்பி, 100 டிகிரி செல்சியஸ் அளவில் ஓவனில் வைக்கலாம். முதலில் மாட்டுக்கொட்டில் வாடை வரும். அது அம்மோனியா கிளம்பும் நேரம். வீட்டார் கிளம்பும் நேரமும் அதுவே. பொறுத்திருந்தால் ரொட்டி வாசம், அதன்பின் வறுத்த வேர்க்கடலை வாசம். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். புதியவர் இன்னும் இரண்டு நிமிடம் விட்டுப் பார்ப்பார். கிடைப்பது சருகு.

வறுத்தால் காரம் குறையுமே தவிர நிகோடின் போகாது. அதன் கொதிநிலை 247 டிகிரி. 1917இல் லக்கி ஸ்ட்ரைக் சிகரெட், தன் புகையிலை வறுக்கப்பட்டது என்பதையே விளம்பர வாசகமாக்கிக்கொண்டது. வீட்டில் வறுப்பவருக்கு விளம்பரம் தேவையில்லை. அடுத்த வாரம் அதே ஓவனில் வேகும் பிறந்தநாள் கேக் போதும்.

கலப்பதுதான் சோதனை. பாதிக்கு மேல் வர்ஜீனியா, மீதியில் பெரும்பங்கு பர்லி, ஒரு சிட்டிகை லட்டாக்கியா என்று 50 கிராமில் ஆரம்பிப்பார். புகை தூக்கலாகப் படும், வர்ஜீனியா சேர்ப்பார். நாக்கு சுடும்; பர்லி சேர்ப்பார். சப்பென்று ஆகும், மறுபடி லட்டாக்கியா. உப்புக் கூடிய சாம்பாரைச் சரிக்கட்டப் போய்ப் பந்திக்கே போதுமான அளவு ஆக்கிவிட்ட கதைதான். தராசு எங்கோ ஓரமாக இருக்கும். கை அளக்கத் தொடங்கி வெகுநேரம் ஆகியிருக்கும்.

கலந்த அன்றே எந்தக் கலவையும் சரியாக இராது. கண்ணாடிச் சாடியில் அடைத்துச் சில வாரங்கள் இருட்டில் வைத்தால்தான் இலைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். ஆறாவது வாரம் எரிச்சலும் இல்லை, டயர் வாடையும் இல்லை. அளவு என்னவென்று சாடியைத் திருப்பினால், ஒட்டிய சீட்டில் எழுதியிருப்பது: 'புதுசு, 3.'