ஊசிக்காரன் செய்த புல்லட்

புல்லட்டின் வரலாறு தையல் ஊசியில் ஆரம்பிக்கிறது. 1851-இல் இங்கிலாந்தில் ரெட்டிச் பக்கம் ஜார்ஜ் டவுன்சென்ட் என்பவர் ஊசி செய்து விற்றார். ஊசி சலித்துப்போய்க் கம்பெனி சைக்கிளுக்குத் தாவியது. துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்துகொடுத்த உறவில் என்ஃபீல்டு என்ற பெயரை ஒட்டவைத்துக்கொண்டது. 1901-இல் மோட்டார் சைக்கிள். எல்லையில் ரோந்து சுற்ற நம் ராணுவம் 350 சிசி புல்லட் கேட்கப்போய், 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சம்பந்தம் பேசித் திருவொற்றியூருக்குக் குடிவந்தது. 1970 வாக்கில் இங்கிலாந்தில் கடையைச் சாத்திவிட்டார்கள். 1977-இல் அதே புல்லட்டை இங்கிருந்து கப்பலேற்றி வெள்ளைக்காரனுக்கே விற்றோம். 1801-இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரைக்கு இந்தச் சேதி எட்டியிருந்தால் நின்று சிரித்துவிட்டுத்தான் ஓடியிருப்பான்.

இப்பேர்ப்பட்ட வம்சத்தில் வந்த ஒன்று சேரன்மகாதேவியில் ஒரு தொழுவத்தில் கிடந்தது. மேலே கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியை இறக்கிவிட்டு வண்டியைக் குட்டியானையில் ஏற்றிப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்தேன். அதுவரை எனக்குத் தெரிந்த மெக்கானிக் வேலை, கழன்ற சைக்கிள் செயினை மாட்டுவது.

மேலே சொன்ன சரித்திரம் முழுவதையும் மேலப்பாளையத்து மெக்கானிக் அண்ணாச்சியிடம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப ஊசி நூலு இருந்தா கொண்டாரும் வே. சீட்டு கிழிஞ்சி கெடக்கு.”

வண்டியை ஒரிஜினலாக்க வேண்டும் என்பதுதான் என் லட்சியம். முதல் வேலையாகச் சிவப்பு பெயின்ட் அடித்து, போலீசிடம் சரணடைபவன் கையைத் தூக்குகிற உயரத்துக்கு ஹேண்டில்பார் மாட்டினேன். வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை அப்போது படித்திருக்கவில்லை. எஞ்சினைக் கழற்றிச் சாமான்களை அம்மாவின் சொளவில் பரப்பிவைத்தேன். உளுந்து புடைக்க வந்தவள் கிரீஸைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. மூன்று நாள் வீட்டில் இட்லி இல்லை.

ஒருவழியாக மாட்டி முடித்தேன். நான் வெட்டிப்போட்ட கேஸ்கெட் வழியாக எண்ணெய் கசிந்தது. “அல்வான்னா நெய் வடியத்தான செய்யும்” என்றார் அண்ணாச்சி. அதை நல்ல சகுனமென்று ஒரு மாதம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

புல்லட்டை உதைப்பது ஒரு பூஜை. அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும்; டிகம்ப்ரஸரைப் பிடித்துப் பிஸ்டனைக் கொஞ்சம் தாண்டவிட வேண்டும்; பிறகுதான் உதை. நான் நேராக உதைக்குப் போனேன். அது திருப்பி உதைத்தது. ஒரு வாரம் நொண்டினேன்.

காலாறியதும் முதல் சவாரி, சுலோசன முதலியார் பாலத்தில். 1843-இல் அந்த மனுஷன் சொந்தக் காசைக் கொட்டிக் கட்டிய பாலம். எதிரே பஸ். பழைய புல்லட்டுக்குக் கியர் வலப்பக்கம், பிரேக் இடப்பக்கம். மூளைக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. பிரேக் என்று வலக்காலை அழுத்தினேன். மூன்றாவது கியர் விழுந்தது. பதறி இன்னும் அழுத்தினேன், நாலாவது. முன்னால் வாழைத்தார் ஏற்றிப்போன குட்டியானைதான் என்னை நிறுத்தியது.

டிரைவர் இறங்கி வந்தார். தார்களுக்கு நடுவே கிடந்த என்னைத் தாண்டிப்போய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“ஒரிஜினலா வே?” என்றார்.