ஆள் தேவை: உள்ளூர்க்காரர் ஓரமாக நிற்கவும்

ஜொகூருக்கு அறிவாளிகள் தேவைப்படுகிறார்கள். வந்து சேருகிறவர்களுக்கு வருமான வரி வெறும் 15 விழுக்காடு, அதுவும் 10 ஆண்டுகளுக்கு. தகுதி பெறும் நிறுவனங்களுக்கு இன்னும் தாராளம்: 5 விழுக்காடு, 15 ஆண்டுகள் வரை. 2025 ஜனவரியில் மலேசியாவும் சிங்கப்பூரும் கைகுலுக்கித் தொடங்கிய ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில்தான் இந்த உபசாரம். 3,500 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு. முதல் 5 ஆண்டுகளில் 50 திட்டங்கள், 20,000 திறன்சார் வேலைகள் என்று இலக்கு. அந்த 20,000 நாற்காலிகளில் யார் உட்காரப் போகிறார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். முதலீட்டாளர் மனம் கோணிவிடும்.

அதே ஜொகூரில் வேறு வகை அறிவாளிகளும் உண்டு. அவர்களைப் பார்க்க விரும்பும் அமைச்சர்கள் விடியற்காலை 4 மணிக்கு எழ வேண்டியிருக்கும், கொஞ்சம் சிரமம்தான். எல்லைச் சோதனை நடக்கும் சுல்தான் இஸ்கந்தார் கட்டடத்துக்குப் போகிற மோட்டார் தடத்தில் ஹெல்மெட்டோடு நிற்கிறார்களே, அவர்கள்தான். ஸ்குடாய் யூடிஎம் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் படித்தவன் இருப்பான். பத்து பஹாட் யூடிஎச்எம்மில் மின்னியல் முடித்தவள் பின்னால் உட்கார்ந்திருப்பாள். இருவருக்கும் பிடிபிடிஎன் கல்விக் கடன் பாக்கி இருக்கும். 1924இல் திறந்த, ஒரு கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள சிங்கப்பூர்க் கடற்பாலத்தில் நாள்தோறும் 3 லட்சம் பேருக்கு மேல் எல்லை கடக்கிறார்கள். அக்கரைக்குப் போய் அவர்கள் என்ன ராக்கெட்டா விடுகிறார்கள்? சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மலேசியர்களில் மூன்றில் இரண்டு பேர் வாங்குவது 1,500 முதல் 3,599 சிங்கப்பூர் வெள்ளி என்று நம் புள்ளிவிவரத் துறையே ஆய்வு செய்து சொன்னது. அந்த ஊர்க் கணக்கில் சாதாரணச் சம்பளம். மூன்றால் பெருக்கினால் ஜொகூரில் அது மேலாளர் சம்பளம்.

திறனாளிகளுக்குப் பஞ்சம், பஞ்சம் என்று மேடை தவறாமல் ஒரு பாட்டு ஒலிக்கிறது. லார்க்கின் சந்தைக்குப் போய் ஐந்து வெள்ளியை நீட்டி ஒரு கிலோ தெங்கிரி மீன் கேட்டுப் பாருங்கள். மீன்காரர் ஏற இறங்கப் பார்ப்பார். உடனே வெளியே வந்து, நாட்டில் மீன் பற்றாக்குறை, கப்பலில் வரவழைக்க வேண்டும் என்று அறிக்கை விடுவீர்களா? நம் முதலாளிகள் விடுகிறார்கள். அரசாங்கமும் அதை நம்பிக் கப்பலுக்கு அனுமதி எழுதிக் கொடுக்கிறது.

வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதியில் மூன்றாம் பிரிவு என்று ஒன்று. பல ஆண்டுகளாக அதன் சம்பள வரம்பு 3,000 வெள்ளியிலிருந்து 4,999 வெள்ளி வரை இருந்தது. இன்னொரு முறை படியுங்கள். மூவாயிரம் வெள்ளி! 2025 பிப்ரவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி. அதன் இரண்டு மடங்குகூட வராத காசுக்கு உள்ளூரில் கிடைக்காத நிபுணத்துவம் என்ன என்று எந்தக் கோப்பாவது விளக்கியிருக்குமா? மூவாயிரம் என்பது புதிதாய்ப் பட்டம் வாங்கியவன் கூச்சத்தோடு கேட்கும் தொகை. அவன் கேட்டால் பேராசை. அதே தொகைக்கு வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தால் அவர் நிபுணர்.

ஒருவழியாக உள்துறை அமைச்சுக்கும் உறுத்தியிருக்கிறது. 2026 ஜூன் 1 முதல் மூன்றாம் பிரிவின் தொடக்கம் 5,000 வெள்ளி, இரண்டாம் பிரிவுக்கு 10,000, முதல் பிரிவுக்கு 20,000 என்று அறிவித்தது. கீழ்ப் பிரிவுகளில் வருகிறவரின் இடத்தைப் பின்னால் உள்ளூர்க்காரருக்குக் கைமாற்றும் திட்டமும் காட்ட வேண்டுமாம். பாராட்டத்தான் வேண்டும், கஞ்சத்தனம் பண்ணவில்லை. ஆனால் இத்தனை வருஷமாய் மூவாயிரத்தில் நிபுணர் கிடைப்பார் என்று முத்திரை குத்தியதும் இதே கைதானே? அந்த வருஷங்களில் விண்ணப்பம் போட்டுப் போட்டு வெறுத்து, உணவு விநியோக மோட்டாரில் ஏறியவனுக்கு இந்த ஞானோதயத்தை எந்த முகவரிக்கு அனுப்புவது?

அவனைப் பற்றிய தீர்ப்புகள் மட்டும் தயாராக இருக்கும். வேலையைத் தேர்ந்தெடுக்கிறான், பேச்சுத்திறன் போதாது, ஆங்கிலம் போதாது, மனப்பாங்கு சரியில்லை. நாட்டில் வேலை பார்க்கும் பட்டதாரிகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் பட்டம் தேவைப்படாத வேலையில் இருப்பதாக அரசுப் புள்ளிவிவரம் சொல்கிறது. மூன்றில் ஒருவருக்கு ஒரே நேரத்தில் மனப்பாங்கு கெட்டுப் போகுமென்றால் அதைச் சுகாதார அமைச்சிடம் அல்லவா ஒப்படைக்க வேண்டும்!

வெளிநாட்டவரை எடுக்குமுன் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் உள்ளூருக்கு விளம்பரம் செய்ய வேண்டும் என்று 2021 முதல் விதி இருக்கிறது. விதிக்கு மரியாதை கொடுப்பது எப்படி என்பது கெட்டிக்கார மனிதவள அதிகாரிக்குத் தெரியும். புதிய பட்டதாரி தேவை, ஐந்தாண்டு அனுபவம் கட்டாயம். நான்கு மொழி தெரிந்திருக்க வேண்டும், சம்பளம் பேசி முடிவு செய்யப்படும். யாரும் தேறாதபடி விளம்பரத்தை எழுதிவிட்டு, யாரும் தேறவில்லை என்று சான்றிதழ் வாங்கப் போகலாம்.

என்னிடம் யோசனை கேட்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: அரசாங்கத்தின் அன்பு வேண்டுமென்றால் முதலில் அதை விட்டு ஓடிப் போ. கேலிக்குச் சொல்லவில்லை. 2011இல் அரசாங்கம் தொடங்கிய டேலண்ட் கார்ப்பரேஷன் நடத்தும் திட்டத்தில், வெளிநாட்டில் தொடர்ந்து மூன்றாண்டு வேலை பார்த்துவிட்டுத் திரும்பும் மலேசிய நிபுணருக்கு 5 ஆண்டுகளுக்கு 15 விழுக்காடு வரி, கூடவே காருக்கு வரிச் சலுகை. ஊரைவிட்டு நகராமல், அப்பா அம்மாவைப் பார்த்துக்கொண்டு, பாசிர் கூடாங் தொழிற்சாலையில் பதினைந்து வருஷம் உழைத்து மேலே வந்த பொறியாளருக்கு என்ன? ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டும் வருமானத்துக்கு 25 விழுக்காடு. கார் வேண்டுமென்றால் ஒன்பது வருஷத் தவணை.

இப்போது கூலாய் பக்கம் போவோம், அங்கேதான் விஷயம் கனிந்திருக்கிறது. கூலாய் யங் தோட்டம் என்ற பெயர் ஜொகூர்த் தமிழருக்குப் புதிதில்லை. அந்த இடத்தில் இன்று ஒய்டிஎல் நிறுவனம் 500 மெகாவாட் தரவு மையப் பூங்கா எழுப்புகிறது. செடெனாக்கிலும் கேலாங் பாத்தாவிலும் இதே கதை. நம் பாட்டன்மாரைக் கங்காணி கொண்டுவந்து இறக்கியபோது அந்தக் குடியேற்றத்துக்கு அழகான பெயர் எதுவும் கிடையாது, வரிச் சலுகையும் கிடையாது. லயத்து வீடும் அரிசிப் படியும்தான். மண்ணை வெட்டித் தோட்டமாக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கணினிப் பட்டத்தோடு அந்த வேலிக்கு வெளியே நிற்கிறார்கள். உள்ளே இருப்பது, கூடியவரை ஆள் இல்லாமல் இயங்குவதற்கென்றே வடிவமைத்த கட்டடம். கட்டி முடிக்கும்வரை கூட்டம் இருக்கும். முடிந்த பிறகு மின்சாரமும் தண்ணீரும் குடிக்கும் அளவுக்கு அது ஆள் பிடிக்காது. பல்லாயிரம் கோடி முதலீடு என்று தலைப்புச் செய்தி வரும்போது, ஒரு கோடிக்கு எத்தனை பேர் என்று வகுத்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும். காவலாளி வேலையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஃபாரஸ்ட் சிட்டியைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. கடலைத் தூர்த்து 7 லட்சம் பேர் குடியிருக்கத் திட்டமிட்ட நகரம் காலியாகக் கிடந்ததால் அதைச் சிறப்பு நிதி மண்டலம் ஆக்கினார்கள். செல்வக் குடும்பங்களின் நிதியை நிர்வகிக்கும் அலுவலகங்களுக்கு அங்கே வரி பூஜ்யம். வரி இல்லாத பணத்தைக் காவல் காக்க அறிவாளிகள் தேவை, அவர்களுக்கும் 15 விழுக்காடு. ஆளில்லா ஊருக்கு ஆள் பிடிக்கும் அவசரத்தில், ஊரில் இருக்கிற ஆள் கண்ணில் படவில்லை.

இந்த இடத்தில் ஒருவர் கை தூக்குவார்: அப்படியானால் சென்னையிலிருந்து வந்து ஜொகூர் பாருவில் கணினி வேலை பார்க்கும் பையன் நம் எதிரியா? இல்லை ஐயா. அவன் மீது கோபத்தைத் திருப்பி விட்டால் இதையெல்லாம் செய்தவர்களுக்குத்தான் கொண்டாட்டம். அவனுடைய அனுமதிச் சீட்டு ஒரே முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. சம்பளம் குறைவென்று முறைத்தால் நாளைக்கே விமானம் ஏற வேண்டிய பயம் அவனுக்கு உண்டு. அந்தப் பயத்தைத்தான் முதலாளி விலை கொடுத்து வாங்குகிறார். உள்ளூர்ப் பிள்ளையிடம் அது கிடைப்பதில்லை, அவனுக்குப் பாலம் இருக்கிறது. ஒருவனைக் கட்டிப் போட்டு, இன்னொருவனை விரட்டி விட்டு, இரண்டு பேருடைய சம்பளத்தையும் தாழ்த்தி வைக்கிற வித்தை இது.

அக்கரையில் இதே வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்று ஜன்னல் வழியாகவே பார்க்கலாம். சிங்கப்பூரில் நிபுணர் அனுமதிக்கு 2025 முதல் குறைந்தது 5,600 வெள்ளி, அவர்கள் வெள்ளியில். 2023 முதல் புள்ளி முறையும் வந்துவிட்டது: அந்தத் துறையில் உள்ளூர்க்காரர் வாங்குவதோடு ஒப்பிட்டால் சம்பளம் எப்படி, நிறுவனத்தில் உள்ளூர்க்காரர் எத்தனை பங்கு என்றெல்லாம் கணக்குப் பார்த்துத்தான் கதவு திறக்கிறது. சிங்கப்பூரர்கள் ஒன்றும் தியாகிகள் இல்லை. தங்கள் பிள்ளைகளுக்கு விலை குறையக் கூடாது என்பதில் கண்டிப்பானவர்கள், அவ்வளவுதான். நாம் மட்டும் நம் பிள்ளைகளைப் படிக்க வைத்து, கடனும் கொடுத்து, அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஆள் இல்லையே என்று புலம்புகிறோம். மலேசியாவை விட்டுப் போனவர்கள் சுமார் 10 லட்சம், அதில் பாதிக்கு மேல் சிங்கப்பூரில் என்று உலக வங்கி எழுதியது 2011இல். காது கேட்க இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

இதற்கிடையில் புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு ரயில் பாதை தயாராகிறது. ஐந்தே நிமிஷப் பயணம், மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர். ஜொகூர் பட்டதாரிகளின் வேலையின்மைக்கு அரசாங்கங்கள் கொண்டுவந்த திட்டங்களில் இதுவே மிகச் சிறந்தது என்று தயங்காமல் சொல்வேன்.

மந்திரி பெசார் ஓன் ஹாஃபிஸ் காஸி, ஜொகூர்ப் பிள்ளைகளுக்குக் கூடுதல் தொடக்கச் சம்பளம் வேண்டும் என்று பேசி வருகிறார். பேச்சு நல்ல பேச்சு. அது சலுகைக் கடிதத்தில் நிபந்தனையாக ஏறட்டும். 5 விழுக்காடு வரி கேட்கும் நிறுவனம், உள்ளூர்ப் பட்டதாரிக்கு என்ன தொடக்கச் சம்பளம் தரும் என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும். கொடுக்கும் ஒவ்வொரு நிபுணர் அனுமதிக்கும் பதவி என்ன, சம்பளம் என்ன, எத்தனை உள்ளூர் விண்ணப்பங்களை எந்தக் காரணத்துக்காகத் தள்ளினார்கள், இடத்தை யாரிடம் எந்த வருஷம் ஒப்படைப்பார்கள் என்பதை, ஆள் பெயரை நீக்கிவிட்டு, ஊருக்குத் தெரியும்படி வெளியிடட்டும். மீறினால் சலுகையைத் திரும்பப் பிடுங்கட்டும்.

ஜொகூர் சட்டமன்றத்தில் 56 பேர் இருக்கிறார்கள். கோயில் திருவிழாவுக்கும் தீபாவளித் திறந்த இல்ல விருந்துக்கும் தவறாமல் மாலை வாங்க வருவார்கள். அடுத்த முறை வரும்போது மாலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேளுங்கள்: 20,000 வேலையில் எங்கள் பிள்ளைகளுக்கு எத்தனை, என்ன சம்பளத்தில்?