சிப்பிங் கேம்ப்டனிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

இவ்விடம் நாங்கள் இருவரும் க்ஷேமம். ஒஹாயோவில் நீயும் அத்தானும் குழந்தைகளும் க்ஷேமமாயிருப்பதை அறிய ஆவல்.

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுகளின் நடுவே, தேன் நிறச் சுண்ணாம்புக் கல்லால் கட்டி, என் கணவரின் நெற்றியை உத்தேசித்தே வாசல் விட்டத்தைத் தாழ்த்தி வைத்தார்களோ என்று ஐயுறத்தக்க ஒரு குடிலில் எங்கள் ஜாகை. வெந்நீருக்கு ஒரு குழாய், தண்ணீருக்கு ஒரு குழாய். அவை இரண்டும் ஜன்மத்தில் ஒன்றையொன்று சந்திப்பதில்லையாகையால், கை வேக வேண்டுமா விறைக்க வேண்டுமா என்பதை நாமே நிச்சயித்துக்கொள்ள வேண்டியதுதான். ஊர் நடுவில் 1627-இல் பாப்டிஸ்ட் ஹிக்ஸ் என்னும் சீமான் கட்டிவைத்த சந்தை மண்டபம் இன்றும் நிற்கிறது. நம் ஒஹாயோ ஒரு மாநிலமானதே 1803-இல் என்பதை நினைத்து, அதன் முன் சற்று அடக்கமாகவே நடந்துகொள்கிறோம்.

இந்நாட்டில் எவரும் எதையும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. கண்ணியமுள்ள மனிதனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்ற அனுமானத்தின் மேலேயே சகல காரியங்களும் நடைபெறுகின்றன. முதல் நாள் மதுக்கடையில், பரிசாரகன் வந்து கேட்பான் என்று இவர் மேஜையருகே வெகுநேரம் பொறுமையின் சொரூபமாக வீற்றிருக்க, அடுத்த மேஜைக் கிழவர் ஒருவர், வானிலையைப் பற்றி விஸ்தாரமாகப் பேசிய பிற்பாடு, பிரியமிருந்தால் கவுண்டருக்கே போய்க் கேட்கலாம் என்று மெள்ளத் தெரிவித்தார். கேட்டு வாங்கிய பைண்ட் 568 மில்லிலிட்டர், நம்முடையதோ 473. இந்த வித்தியாசத்தை இவர் இரண்டாவது பைண்டின் முடிவில்தான் கணக்கிட்டார்.

சாலைகளின் மகிமை தனி. இருபுறமும் ஆளுயரத்துக்கு மேல் உயிர்வேலி. நடுவே ஒரு வண்டிக்கு மட்டும் இடம். அதில் மணிக்கு 60 மைல் வரை போகலாம் என்று சட்டம் தாராளமாக அனுமதிக்கிறது! எதிரே டிராக்டர் வந்துவிட்டால், ஒதுங்குமிடம் யாருக்குச் சமீபமோ அவர் பின்னால் நகர்ந்து வழிவிட, மற்றவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரே ஒரு விரலை உயர்த்திக் கடந்து போவார். அந்த விரலில் நன்றி, ஆசீர்வாதம், அனுதாபம் மூன்றும் அடங்கியிருப்பதாக இவர் கருதுகிறார்.

ஆனால் நடைபாதைகளின் விஷயந்தான் எங்களை முற்றும் வசீகரித்தது. நிலம் ஒருவருடையது, அதன் குறுக்கே நடக்கும் பாத்தியதையோ ஊருலகத்துக்கெல்லாம் உரியது. இவ்வூரில் புறப்படும் காட்ஸ்வோல்ட் வழி 102 மைல் நடந்து பாத் நகரத்தை அடைகிறது. நாங்கள் அடைந்தது முதல் வேலிப்படியை. அதற்கப்பால் ஒரு காளை நின்றது. பயப்பட வேண்டாம், சட்டம் இருக்கிறது என்றாள் வீட்டுக்கார அம்மாள். பொதுப்பாதை செல்லும் வயலில், பத்து மாதத்துக்கு மேற்பட்ட, பால் இனத்தைச் சேர்ந்த காளையை விடலாகாதாம்; மற்ற இனத்துக் காளையானால், கூடவே பசுக்களோ கிடாரிகளோ இருக்கும் பட்சத்தில் விடலாமாம். குலம், வயது, குடும்ப நிலைமை ஆகிய மூன்றையும் எந்தத் தூரத்திலிருந்து விசாரிப்பது என்று இவர் வினவியதற்கு, அம்மாள் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். மறுநாள் வேறு வயல் வழியே போனோம். அங்கே ஆடுகள் மட்டுமே. அவை எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை.

வழியில் ஒரு பண்ணை வாசலில் முட்டைகளும் ஒரு தகர டப்பாவும் இருந்தன. காவலுக்கு ஒரு பிராணியும் கிடையாது. காசைப் போட்டுவிட்டு முட்டையை எடுத்துக்கொள்ள வேண்டியது. இவரோ, சில்லறை இல்லாத குறைக்கு நோட்டையே போட்டுவிட்டு, மீதிக்காக நாலு புறமும் பார்த்தார்.

நீயும் அத்தானும் அடுத்த கோடையில் வருவதாயிருந்தால், கிடைப்பவற்றுள் மிகச் சிறிய காராகப் பார்த்து முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மழைக்கோட்டையும் சில்லறைக் காசையும் மறக்க வேண்டாம். குழந்தைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள தங்கை