குலுக்கத் தெரியாத சக்கரவர்த்தி

சீட்டுக் குலுக்குவது என்ன பெரிய வித்தையா? டப்பாவை நாலு ஆட்டு ஆட்டி, பக்கத்து வீட்டுக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொன்னால் முடிந்தது. ஆனால் 2010-ல் மைக்ரோசாஃப்ட்டுக்கு இது வரவில்லை, நம்புங்கள்!

விண்டோஸை வாங்கினால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்ற தங்கள் பிரவுசரையும் சேர்த்துத் தலையில் கட்டுகிறார்கள் என்று ஐரோப்பிய கமிஷனுக்குக் கோபம். பஞ்சாயத்துத் தீர்ப்பு: திரையில் மற்ற முக்கிய பிரவுசர்களையும் காட்டு, ஜனங்கள் பிடித்ததை எடுத்துக்கொள்ளட்டும். முன்வரிசையில் ஐந்து பேர். முதலில் யார்? கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயர் ஒரு வரி இறங்கினாலே என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே, ஒவ்வொரு முறையும் ரேண்டம் வரிசை!

புரோகிராமர் குறுக்கு வழியில் போனார். வரிசைப்படுத்தும் ஃபங்ஷன் இரண்டிரண்டு பேராகக் கூட்டி வந்து, "இவர்களில் யார் முன்னே?" என்று கேட்கும். நம்ம ஆள் ஒவ்வொரு கேள்விக்கும் காசைச் சுண்டிப் பதில் சொன்னார். ராமு சோமுவுக்கு முன்னே, சோமு கோபுவுக்கு முன்னே, கோபு ராமுவுக்கு முன்னே! ஃபங்ஷனுக்குத் தலை சுற்றாதா?

ராப் வெயர் என்ற ஐபிஎம்காரர் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்துக் கணக்கெடுத்தார். எக்ஸ்ப்ளோரரில் அந்தத் தேர்வுத் திரையைத் திறந்தால், சுமார் பாதி தடவை ஒரே ஆளுக்குக் கடைசி இடம். யாருக்கு? எக்ஸ்ப்ளோரருக்கே! தில்லுமுல்லு என்று திட்டக்கூட வழியில்லை.

இதில் வேடிக்கை, சரியான விடை அவர்கள் வீட்டுப் பரணிலேயே கிடந்தது. அவர்களுடைய எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸில் 'ஆர்டர் பை நியூஐடி' என்று ஒரு வரி போதும். டேபிளின் ஒவ்வொரு வரிசைக்கும் புது டோக்கன் ஒன்று கொடுத்து, டோக்கன்படி நிற்கவைத்துவிடும். பத்து லட்சம் வரிசையில் ஒன்றே ஒன்று கேளுங்கள்; பத்து லட்சத்துக்கும் டோக்கன் கிழித்த பிறகே பதில் வரும். டேட்டாபேஸ்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். மந்தமான கிளார்க்தான். ஆனால் ஒருவருக்கு ஒரே டோக்கன், பேச்சு மாறாது!

மைக்ரோசாஃப்ட் சீக்கிரமே பிழையைத் திருத்தியது. சுபம் என்கிறீர்களா? பொறுங்கள். 2011 மே முதல் 2012 ஜூலை வரை, விண்டோஸ் 7-ன் சர்வீஸ் பேக் 1-ல் அந்தத் திரையே வரவில்லை. "டெக்னிக்கல் தவறு" என்றார்கள். திரையைப் பார்க்காதவர்கள் ஒன்றரைக் கோடிப் பேர். 2013-ல் அபராதம் 56.1 கோடி யூரோ.

குலுக்கினால் கடைசி இடம், குலுக்க மறந்தால் தண்டம். அந்த மந்த கிளார்க் மட்டும் பரணிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார், கையில் டோக்கன் புத்தகத்தோடு.